சத்தம் வராத துணி

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்து ஹைவேஸ் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். என் வலது கையில் மகளின் கை. இடது கையில் அடிபட்டு நெளிந்த தூக்கு மூடி. தங்கச்சி பின்னால் தூக்கையும் என் பையையும் சுமந்தபடி திட்டிக்கொண்டே வந்தாள். ஏர்போர்ட்டுக்குப் போகும் வேன் பஸ் ஸ்டாண்டின் அந்தப் பக்கம் நின்றது. நாங்கள் இந்தப் பக்கம் நடந்தோம். பைக்குள் என் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது, ஏஜென்ட்டாகத்தான் இருக்கும். மணிச்சத்தத்தைச் சில நாளைக்கு முன்பே அணைத்துவிட்டேன். அணைக்கச் சொன்னது ஆபா.

நிறைய இடங்களை விட்டு இப்படி நடந்திருக்கிறேன். எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு நடந்தேன். தோல் ஷெட்டில் பச்சைத் தோலின் உப்பை உதறினேன், ஷூ கம்பெனியில் லைனில் உட்கார்ந்து தைத்தேன், வாலாஜாவில் ஓட்டல் பாத்திரம் கழுவினேன், கலவைப் பக்கம் சூளையில் கல் அடுக்கினேன். எதிலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. புருஷன் எங்கே என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு ஊர்ப்பெயர்கூடக் கிடையாது. மகள் ஒடுகத்தூரில் தங்கச்சி வீட்டில் வளர்ந்தாள். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் வாசலில் நின்று கொஞ்ச நேரம் என்னை உற்றுப் பார்ப்பாள். அப்புறம்தான் பக்கத்தில் வருவாள். அந்தக் கொஞ்ச நேரம் தடவைக்குத் தடவை நீண்டுகொண்டு வந்தது. மஸ்கட்டில் வீட்டு வேலை, இரண்டு வருஷம் என்று ஏஜென்ட் சொன்னபோது வேலையை நினைத்து எனக்குப் பயம் வரவில்லை. திரும்பி வந்து வாசலில் நிற்கும்போது அவள் எவ்வளவு நேரம் பார்ப்பாள் என்பது ஒன்றுதான் பயம்.

அந்த ஏஜென்ட் அனுப்பிய பெண் ஒருத்தி துணி விஷயத்தில் தகராறாகி மூன்றே வாரத்தில் திரும்பி வந்திருந்தாள். அதிலிருந்து அவர் யாரை அனுப்பினாலும் முதலில் ஆபாவிடம் அனுப்புவார். ஆபா மஸ்கட்டில் ஒரே வீட்டில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர். எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று அவருக்குத் தெரியும். ஆபா என்றால் உருதுவில் அக்கா; அவர் பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. எட்டு நாள் பழகியும் அது எனக்குத் தோன்றவே இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது.

முதல் நாள் காலை போனேன். மசூதித் தெருவுக்குப் பின்னால் குறுகலான சந்து, பச்சை பெயின்ட் அடித்த கதவு. மருமகள் கதவைத் திறந்து உள் அறையில் உட்காரச் சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனாள். அறையில் ஒரு தையல் மிஷின், துணி அடுக்கிய கட்டில், கோரைப் பாய். பாயில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் போயிருக்கும். ஏஜென்ட்டை வாய்க்குள் திட்டினேன். ஜாக்கெட்டுக்குள் கைவிட்டுச் சொறிந்தேன். ஷூ கம்பெனியில் பாடும் பாட்டு ஒன்றை முனகினேன்.

"கழுத்து எறக்கம் ரெண்டு விரல் ஜாஸ்தி" என்றது ஒரு குரல்.

தையல் மிஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஆபா உட்கார்ந்திருந்தார். ஒளிந்துகொண்டு அல்ல. முழு உடம்பும் தெரியும்படி, மடியில் துணியை வைத்து ஊசியால் தைத்துக்கொண்டு. நான் உள்ளே வரும்போதே அங்கேதான் இருந்திருக்கிறார். அவர் தலைக்கு மேல் ஆணியில் தொங்கிய காலண்டரை நான் இரண்டு தடவை பார்த்தது எனக்கு ஞாபகம் இருந்தது.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியும் இல்லை, குண்டும் இல்லை. கறுப்பா சிவப்பா என்று கேட்டால் சொல்ல வராது. முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தால் தலையில் போட்டிருந்த சாம்பல் துப்பட்டாதான் வருகிறது.

துணியைத் தேர்ந்தெடுப்பதில் அவரைப் போல் ஒருத்தியை நான் பார்த்ததில்லை. துணியை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பின்னால் கையை வைப்பார். விரலை எண்ண முடிந்தால் அந்தத் துணி ஓரத்துக்குப் போகும். பிறகு அதைப் போட்டுக்கொண்டு பரணில் இருக்கும் டப்பாவை எடுக்கச் சொல்வார். கையைத் தூக்கும்போது இடுப்பு தெரியக்கூடாது. குனிந்து பெருக்கச் சொல்வார், கழுத்து தொங்கக்கூடாது. வாளியில் கையை விடச் சொல்வார், நனைந்த கை உடம்போடு ஒட்டக்கூடாது. வெளியே போக முழுக்கால் மூடும் கறுப்பு அபாயா ஒன்று, கல்லும் பூவேலையும் இல்லாதது. வீட்டுக்குள் முழுக்கை நீள அங்கி மூன்று, அடியில் பேன்ட். கை நுனியில் பட்டன், பாத்திரம் தேய்க்கும்போது மணிக்கட்டு வரைக்கும் மட்டும் மடிக்க. உள்பக்கம் ஒரு பை, பாஸ்போர்ட் நகல் வைக்க.

நான் ஆரஞ்சு நிறச் சுடிதார் ஒன்றை எடுத்துப்போயிருந்தேன். வைக்கலாமா என்றேன்.

"கலர் வேணாம்னு சொல்லல. கத்துற கலர் வேணாம்" என்றார்.

துணியின் மேல் எனக்கு எந்தப் புகாரும் கிடையாது. ஆம்பூர் கடைத்தெருவில் கறுப்பு புர்கா போட்ட பெண்கள் பேரம் பேசினால் கடைக்காரன் கல்லாவை விட்டு எழுந்து வருவான். ஆபாவின் மருமகள் கண் மட்டும் தெரிய வெளியே போவாள். அவள் சிரித்தால் சந்து முனையில் கேட்கும். மூடிக்கொண்டால் ஆள் மறைந்து போவதில்லை. ஆபா கற்றுக்கொடுத்தது துணிக்கு அப்பால் இருந்த வேறு ஏதோ ஒன்று.

இரண்டாம் நாள் அது தொடங்கியது. அங்கியைப் போட்டுக்கொண்டு அறையில் நடக்கச் சொன்னார். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். நான் நடந்தேன்.

"கதவாண்ட நிக்கற. இப்போ கட்டிலாண்ட. எடது கால் தேய்க்கிற."

துணி உரசும் சத்தத்தை வைத்துச் சொன்னார். கஞ்சி போகத் துணியை இரண்டு தடவை துவைத்தார். தொடைப் பக்கம் ஒரு தையலைப் பிரித்துவிட்டார். என் கொலுசைக் கழற்றினேன், வளையலைக் கழற்றினேன். தினமும் பத்து மணிக்குப் போவேன், அவர் சுவர்ப்பக்கம் திரும்புவார், நான் நடப்பேன். மூச்சை எப்படி விடுவது என்று சொன்னார். கூப்பிட்டால் ஒழியப் பேசாதே என்றார். போன் மணியை அணை என்றார்.

"வேலைக்காரி நல்ல கதவு மாதிரி இருக்கணும்மா. தெறக்கணும், மூடணும், கீல் சத்தம் வரக்கூடாது" என்று சொல்வார். எரிச்சலாகவோ வருத்தமாகவோ சொல்ல மாட்டார். உப்பு எவ்வளவு போடுவது என்று சொல்வது மாதிரிச் சொல்வார்.

தையல் லைனில் நாற்பது மிஷின் சத்தத்துக்கு மேல் கேட்கும் குரல் என்னுடையது. அப்படிப்பட்டவள் ஆறாம் நாள் அந்த அறையை மூன்று சுற்று சுற்றி வந்தும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில், "இன்னும் ஆரம்பிக்கலியா?" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு வேலையை இவ்வளவு சுத்தமாக நான் கற்றுக்கொண்டதே இல்லை.

மருமகள் பதினொரு மணிக்கு டீ கொண்டுவருவாள். எப்போதும் ஒரு கிளாஸ், எனக்கு. ஆபா பக்கம் பார்க்காமலே வைத்துவிட்டுப் போவாள். மறதிதான், மரியாதைக் குறைவு இல்லை. வாசல் வரைக்கும் போய் நெற்றியில் அடித்துக்கொண்டு திரும்பிவந்து, "மாப் பண்ணுங்க மாமி" என்று இன்னொரு கிளாஸ் கொண்டுவருவாள். தினமும் இது நடந்தது. அவள் கண்ணில் நீர் நின்றதை ஒரு நாள் பார்த்தேன்.

ஜவுளிக்கடையில் நடந்த ஒன்றை ஆபாவே வேடிக்கையாகச் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை துணி பார்க்கப் போயிருக்கிறார். ஜும்மா தொழுகைக்குக் கடைக்காரர் விளக்கை அணைத்து ஷட்டரை இறக்கிப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆபா உள்ளேயே இருந்திருக்கிறார். தொழுகை முடிந்து ஷட்டரைத் தூக்கியபோது பலகை மேல் அப்படியே உட்கார்ந்திருந்தாராம். கடைக்காரர் அதிரவில்லை. "வாங்கம்மா, இப்பத்தான் வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுத் துணி எடுத்துப் போட்டாராம்.

"கூப்பிட்டு இருக்கலாமே ஆபா?"

"யாரும் என்னக் கூப்பிடலியே" என்றார்.

ஏழாம் நாள் ஆபா உள்ளே தொழுதுகொண்டிருந்தபோது மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்குக் குழந்தை இருக்கிறதா என்று கேட்டாள். சொன்னேன். பிறகு, மாமி மஸ்கட்டை முடித்துக்கொண்டு வந்த நாளைப் பற்றிச் சொன்னாள். மாமியின் மகன், அதாவது அவள் புருஷன், அம்மா போகும்போது சின்னப் பையன். அம்மா வருகிறாள் என்று வீட்டில் பந்தல் போடாத குறை. பிரியாணிக்கு ஆள் வைத்து, சொந்தக்காரர்கள் முப்பது பேர் கூடியிருந்தார்கள். ஏர்போர்ட்டில் இருந்து போன் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"பிளைட் சீக்கிரமா வந்துருச்சு. மாமி தானா டாக்ஸி புடிச்சு வந்துட்டாங்க. நாங்க சாயங்காலம் வரைக்கும் போன் பாத்துனு இருந்தோம். அவங்க காலைல இருந்து ஹால்லதான் உக்காந்து இருந்தாங்க. எல்லாரும் தாண்டித் தாண்டிப் போறோம்."

"நீங்க யாரும் பாக்கலியா?"

"எங்க வூட்டுக்காரரு அவங்க பக்கத்துல உக்காந்துதான் அழுதாரு, அம்மா இன்னும் வரலியேன்னு." அவள் எழுந்தாள். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

அன்றைக்கு மதியம் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த டிபன் கடையில் உட்கார்ந்தேன். மேஜை துடைக்கிற ஆள் ஈரத்துணியோடு வந்தான். மேஜையின் அந்த முனையில் இருந்து துடைத்துக்கொண்டே வந்து, என் கையையும் சேர்த்துத் துடைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனான். கை ஜில்லென்று இருந்தது. ரொம்ப நேரம் காத்திருந்தேன், யாரும் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. நான் குரல் கொடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை என்பதைப் பசியோடு தெருவுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

எட்டாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு வேன். பதினொன்றுக்கே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, மர நிழலில் இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆபா தேர்ந்தெடுத்த சாம்பல் அங்கி, அதே நிறத் துப்பட்டா, மடியில் பை. தங்கச்சி என் மகளை அழைத்துக்கொண்டு வழியனுப்ப வருவதாகச் சொல்லியிருந்தாள்.

ஒடுகத்தூர்ப் பக்கத்து பஸ் வந்தது. இருவரும் இறங்குவதைப் பார்த்தேன். மகளுக்குத் தங்கச்சி தலைவாரிப் பூ வைத்திருந்தாள். மகள் கையில் எவர்சில்வர் தூக்கு, அதில் எனக்கு எலுமிச்சை சாதம். நேராக என் பெஞ்சை நோக்கித்தான் வந்தார்கள். நான் சிரித்தேன்.

அவர்கள் எனக்கு முன்னால் வந்து நின்று வேறு பக்கம் பார்த்தார்கள்.

"எங்க இருக்கா இவ? இங்கதான் மரத்தாண்ட இருக்கேன்னு சொன்னா" என்றாள் தங்கச்சி. போன் போட்டாள். என் மடியில் பைக்குள் போன் அதிர்ந்தது. அவள் எனக்கு ஒரு கை தூரத்தில் போனைக் காதில் வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

மகள் பெஞ்சில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தொடை என் தொடையில் பட்டது. தூக்கைப் பெஞ்சில் வைத்து என் இடுப்போடு ஒட்டித் தள்ளினாள், கீழே விழாமல் இருக்க. என் பக்கம் திரும்பினாள். நான் அவள் கண்ணைப் பார்த்தேன். வாசலில் உற்றுப் பார்க்கும் அந்தப் பார்வைக்காகக் காத்திருந்தேன். அதுகூட வரவில்லை. அவள் கண் என் முகத்தில் நிற்காமல் தாண்டி, பின்னால் ஜூஸ் கடையில் போய் நின்றது.

"சித்தி, அம்மா வராதா?"

கூப்பிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். மூச்சு வந்தது, குரல் வரவில்லை. எட்டு நாள் பழக்கம் அது. கையைத் தூக்கி அவள் தோளில் வைக்கலாம் என்று நினைத்தேன். டிபன் கடையில் மேஜை துடைத்தவன் என் கையைத் துடைத்தது நினைவுக்கு வந்தது. வைத்த பிறகும் அவள் திரும்பாவிட்டால் என்ன செய்வது என்று கை நின்றுவிட்டது.

"வா, அந்தப் பக்கம் பாக்கலாம்" என்றாள் தங்கச்சி. மகள் பெஞ்சில் இருந்து குதித்தாள். தூக்கை எடுக்கக் கையை நீட்டினாள்.

அதற்கு முன்னால் நான் தூக்கின் மூடியைப் பிடுங்கினேன். பெஞ்சின் சிமென்ட் முனையில் ஓங்கி அடித்தேன். இன்னொரு தடவை அடித்தேன். எத்தனை தடவை என்று தெரியாது. மரத்தில் இருந்த காக்காய்கள் எழும்பின. ஆட்டோக்காரர்கள் திரும்பினார்கள், ஒரு போலீஸ்காரர் திரும்பினார். மகள் நின்ற இடத்திலேயே திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா" என்றாள். "எப்பம்மா வந்த?"

அவள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தங்கச்சியின் முகம் வெளுத்திருந்தது. இவ்வளவு நேரம் எங்கேயடி போயிருந்தாய் என்று கேட்டாள். பையை அவளிடம் கொடுத்தேன்.

எழுந்தபோதுதான் பார்த்தேன். பெஞ்சின் மறுமுனையில் ஆபா உட்கார்ந்திருந்தார். வழியனுப்ப வந்திருக்கிறார். எப்போது வந்தார் என்று தெரியாது, எனக்கு முன்பேகூட வந்திருக்கலாம். நாங்கள் நாலு பேரும் அந்த ஒரு பெஞ்சைச் சுற்றியேதான் இருந்திருக்கிறோம். மகளும் தங்கச்சியும் அப்போதும் அவர் பக்கம் பார்க்கவில்லை.

கோபிப்பார் என்று நினைத்தேன். எட்டு நாள் உழைப்பை உடைத்துவிட்டேன். அவர் என் கையில் இருந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ஹால்ல என் கைல ஒரு மூடி கூட இல்ல" என்றார்.

அவர் கையைப் பிடித்தேன். பிடித்தது எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. வேன் வந்து ஹாரன் அடித்தது. "போ" என்றார் ஆபா. எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லை. ஹைவேஸ் பக்கம் நடந்தேன்.

பிறகு இரண்டு தடவை ஆம்பூரில் அந்தச் சந்துக்குப் போனேன். மருமகள் மாமி உள்ளேதான் இருக்கிறார் என்று சொல்லி அறையைக் காட்டினாள். இரண்டு தடவையும் அறையில் யாரும் இல்லை. இரண்டு தடவையும் பாயில் அரை மணி நேரம் உட்கார்ந்து, மகளின் படிப்பைப் பற்றியும் என் வேலையைப் பற்றியும் சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வேனை விட்டு நடந்த அன்றைக்கு வழியில் மேம்பால வேலை நடந்துகொண்டிருந்தது. ஆள் வேண்டுமா என்று கேட்டேன். காலையில் வா என்றார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போய் நின்றேன். ஆபா கொடுத்த சாம்பல் அங்கியைத்தான் போட்டிருந்தேன். நல்ல துணி, வெயிலுக்கும் புழுதிக்கும் அதைவிடப் பொருத்தமாக எதுவும் கிடையாது. ஒன்பது பெண்கள் வரிசையாக நின்றோம். சூப்பர்வைசர் தலையை எண்ணிக்கொண்டே வந்து எட்டு சேஃப்டி ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். என்னைத் தாண்டிப் போனார்.

"சார், இங்க ஒருத்தி நிக்கறேன்" என்றேன். குரல் கரகரவென்று வந்தது, ஆனால் வந்தது.

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பினார். ஒன்பதாவதை எடுத்துக் கொடுத்தார். கத்துகிற ஆரஞ்சு, குறுக்கே பளபளக்கும் இரண்டு பட்டை. அங்கிக்கு மேல் மாட்டிக்கொண்டேன். சிவப்புக் கொடி ஒன்றைக் கையில் திணித்து, சாலை குறுகுகிற இடத்தில் நிறுத்திவிட்டுப் போனார். வண்டியை நிறுத்துவதுதான் வேலை.

முதல் லாரி வாணியம்பாடிப் பக்கமிருந்து தோல் பாரத்தோடு வந்தது. நடுச்சாலைக்கு வந்து கொடியைத் தூக்கினேன். லாரி வேகம் குறைக்கவில்லை. நான் நகரவில்லை. கொடியை வீசினேன். எனக்கும் அதற்கும் நடுவில் பத்தடி இருக்கும்போது பிரேக் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, என் அம்மாவையும் பாட்டியையும் இழுத்து, சாவதற்கு உனக்கு வேறு லாரியா கிடைக்கவில்லை என்று திட்டினான்.

என்னைப் பார்த்துத்தான் திட்டினான்.